பெயரில் என்ன பாக்கி இருக்கிறது?

நமக்கு இனிஷியல். வெள்ளைக்காரர்களுக்கு சர்நேம். நம் இனிஷியல் அப்பாவோடு சரி. தாத்தாவின் எழுத்து பேரனுக்கு ஒட்டுவதில்லை. அவர்கள் சமாசாரம் வேறு. கொள்ளுத் தாத்தா எந்தப் பெயரில் கடை திறந்தாரோ, அதே பெயரில்தான் கொள்ளுப் பேரனும் கையெழுத்துப் போடுகிறார். கடை நன்றாக ஓடியிருந்தால் யோகம்தான். கொள்ளுத் தாத்தா ஏதாவது ஏடாகூடமாகச் செய்து வைத்திருந்தால்?

இந்த வாரம் அப்படி ஒரு பெயர். ஹார்ம்ஸ்வொர்த். இங்கிலாந்தில் பேப்பர் நடத்தியே பிரபுக்களான குடும்பம். இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருக்கலாம். அவர்கள் 1896-ல் ஆரம்பித்த பேப்பரின் பெயர் காதில் விழுந்திருக்கும். டெய்லி மெயில். இன்றைக்கும் அது அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

2013 செப்டம்பர் கடைசியில் அந்தப் பேப்பர் ஒரு கட்டுரை போட்டது. அப்போது பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவர், லேபர் கட்சியின் எட் மிலிபாண்ட். கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அவருடைய அப்பா ரால்ஃப் மிலிபாண்டைப் பற்றியது. அப்பா இறந்து அப்போது 19 வருஷம் ஆகியிருந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்திய மார்க்ஸிய அறிஞர் அவர். ‘பிரிட்டனை வெறுத்த மனிதர்’ என்று தலைப்பு. முக்கிய ஆதாரம், 17 வயதில் அவர் எழுதிய ஒரு டைரிக் குறிப்பு. அப்பாவின் கொள்கை இப்படி, மகனுடைய கொள்கை எப்படி இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்பதுதான் கட்டுரையின் சாரம். கூடவே அவர் கல்லறைப் படத்தையும் வெப்சைட்டில் போட்டுவிட்டு, பிறகு எடுத்தார்கள்.

ரால்ஃப் யார் தெரியுமா? பெல்ஜியத்தில் பிறந்த யூதர். 1940-ல் ஹிட்லரின் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது, 16 வயதில் தன் அப்பாவோடு தப்பித்து இங்கிலாந்துக்கு ஓடி வந்தவர். பிறகு அதே யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து வேலை பார்த்தவர்.

மகன் சும்மா இருப்பாரா? என் அப்பா இந்த நாட்டை நேசித்தவர் என்று பதில் எழுதினார். மெயில் அதைப் பிரசுரித்தது. அருகிலேயே தன் பழைய கட்டுரையையும் மறுபடி போட்டு, பின்வாங்க மாட்டோம் என்று தலையங்கமும் எழுதியது.

அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பித்தது. ‘அப்பன் கணக்கையா எடுக்கிறீர்கள்? உங்கள் கொள்ளுத் தாத்தா கணக்கை நாங்கள் எடுக்கிறோம்’ என்று பல பேர் கிளம்பிவிட்டார்கள். 1934 ஜனவரி 15-ம் தேதி டெய்லி மெயில் பக்கம் ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. அந்தப் பேப்பரின் முதலாளி ராதர்மியர் பிரபு, அதாவது ஹெரால்ட் ஹார்ம்ஸ்வொர்த், தன் பெயரைப் போட்டே எழுதிய கட்டுரை அது. ஆஸ்வால்ட் மோஸ்லி என்பவர் நடத்திய பிரிட்டிஷ் பாசிஸ்ட் கட்சிக்கு, அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு, ஜே போடும் கட்டுரை. கட்சியில் சேர விரும்பும் இளைஞர்கள் எந்த விலாசத்துக்கு எழுத வேண்டும் என்பது வரைக்கும் கொடுத்திருந்தார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அப்பாவின் டைரியை மகன் தலையில் கட்டுவது தப்பு என்றால், கொள்ளுத் தாத்தாவின் கட்டுரையைக் கொள்ளுப் பேரன் தலையில் கட்டுவது மட்டும் எப்படிச் சரியாகும்? இப்போதைய ராதர்மியர் பிரபு, ஜோனதன் ஹார்ம்ஸ்வொர்த், பிறந்தது 1967-ல். அந்தக் கட்டுரை வந்து 33 வருஷம் கழித்து. எழுதியவர் செத்து 27 வருஷம் கழித்து. பேரன் என்ன பண்ணுவார் பாவம்?

இரண்டு தரப்பும் ஒரே வாதத்தைத்தான் வீசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். நிறைய பேர் அப்படித்தான் போனார்கள். எனக்கு என்னவோ இரண்டும் ஒன்று என்று படவில்லை. நான் பி.காம். ஆசாமி. எதைப் பார்த்தாலும் டெபிட் எங்கே, கிரெடிட் எங்கே என்று தேடுகிற புத்தி. அதை வைத்தே இதைப் பிரித்துப் பார்க்கிறேன்.

தமிழ் மீடியம் கணக்குப்பதிவியல் பாடப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். குட்வில்லுக்கு அதில் என்ன சொல் தெரியுமா? ‘நற்பெயர்’. ஒரு வியாபாரத்தில் கட்டடம், மெஷின், சரக்கு, ரொக்கம் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு தொகை வரும். வாங்க வருகிறவர் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பார். அந்தக் கூடுதல்தான் நற்பெயர். அதே புத்தகத்தில் லயபிலிட்டிக்கு என்ன சொல்? ‘பொறுப்பு’. இந்த இரண்டு சொற்களையும் போட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

ஹார்ம்ஸ்வொர்த் குடும்பத்தின் நற்பெயர் எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். அண்ணன் ஆல்ஃபிரட், 1865-ல் டப்ளின் பக்கத்தில் பிறந்தவர். அப்பா வக்கீல். வருமானம் போதாது, குடி உண்டு. வீடு நிறையப் பிள்ளைகள். ஆல்ஃபிரட் பத்திரிகைகளுக்குத் துண்டு துக்காணிக் கட்டுரை எழுதிப் பிழைத்தார். 1888-ல் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற வாரப் பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார். பெயர் ‘ஆன்ஸர்ஸ்’. தம்பி ஹெரால்டு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. கூட்டலில் புலி. அவரை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

1889-ல் ஒரு போட்டி வைத்தார்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று சரியாகச் சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்கு ஆயுள் முழுக்க வாரம் ஒரு பவுண்ட். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு கார்டிலும் 5 பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 7 லட்சத்துக்கும் மேலே கார்டுகள் வந்து குவிந்தன. தலைக்கு 5 சாட்சி என்றால், பத்திரிகையின் பெயர் எத்தனை லட்சம் பேர் காதில் விழுந்திருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். விளம்பரச் செலவோ வாரத்துக்கு ஒரு பவுண்ட்!

1896 மே 4-ம் தேதி டெய்லி மெயில் வந்தது. மற்ற பேப்பர்கள் ஒரு பென்னி விற்றபோது இது அரை பென்னி. நீட்டி முழக்காத வாக்கியம், சின்னச் சின்னச் செய்தி, பெண்களுக்குத் தனிப் பகுதி. முதல் நாளே சுமார் 3 லட்சத்து 97 ஆயிரம் பிரதி போனது. போயர் யுத்த சமயத்தில் அது 10 லட்சத்தைத் தொட்டது. 1903-ல் டெய்லி மிரர். 1908-ல் ‘தி டைம்ஸ்’ பேப்பரையே வாங்கினார் ஆல்ஃபிரட். 1785-ல் இருந்து வால்டர் குடும்பம் நடத்தி வந்த பேப்பர் அது. அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. பின்னே எதற்கு வாங்கினார்? பெயருக்குத்தான். அவருக்கு விலை கொடுத்து வாங்கத் தெரிந்திருந்தது, அதாவது நற்பெயர் என்பது சொத்து என்று தெரிந்திருந்தது.

1905-ல் அண்ணன் நார்த்க்ளிஃப் பிரபு ஆனார். 1914-ல் தம்பி ராதர்மியர் பிரபு ஆனார். 1922-ல் அண்ணன் இறந்த பிறகு மெயில் தம்பி கைக்கு வந்தது. அங்கிருந்து மகன், பேரன், கொள்ளுப் பேரன். பட்டம், பேப்பர், பெயர் மூன்றும் ஒரே பார்சலாகக் கைமாறி வந்திருக்கின்றன.

இது கிரெடிட் பக்கம். டெபிட் பக்கம் என்ன?

1900 ஜூலை 16. சீனாவில் பாக்ஸர் கலகம். பீகிங் நகரத்தில் அயல்நாட்டுத் தூதரகங்களில் முற்றுகையிடப்பட்டிருந்த அத்தனை பேரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று டெய்லி மெயில் செய்தி போட்டது. லண்டனே அழுதது. செயின்ட் பால் தேவாலயத்தில் அஞ்சலிப் பிரார்த்தனைக்கு ஏற்பாடாயிற்று. ‘டைம்ஸ்’ இரங்கல் குறிப்புகளே எழுதிவிட்டது. பார்த்தால், உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள். ஆகஸ்ட் 14-ம் தேதி படை போய் மீட்டது. போட்ட செய்தி பொய்.

1924 அக்டோபர் 25. பிரிட்டனில் தேர்தலுக்கு 4 நாள். மாஸ்கோவில் இருந்து ஜினோவியெவ் எழுதியதாக ஒரு கடிதம் மெயிலில் வந்தது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டும் கடிதம். ஆட்சியில் இருந்த லேபர் கட்சிக்கு அது தலைவலியாயிற்று. தேர்தலில் தோற்றது. கடிதம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கடிதம் போலி. 1999-ல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் வரலாற்றாளரே ஆராய்ந்து அந்த முடிவுக்குத்தான் வந்தார்.

அப்புறம் அந்த 1934. அதற்கு முந்தைய வருஷமே ஹிட்லரின் இளைஞர்களைப் புகழ்ந்து ஹெரால்டு எழுதியிருந்தார். 1934 ஜூனில் லண்டன் ஒலிம்பியா அரங்கத்தில் மோஸ்லியின் கூட்டம். குறுக்கே கேள்வி கேட்டவர்களைக் கறுப்புச் சட்டைக்காரர்கள் அடித்து உதைத்தார்கள். ஜூலையில் ஹெரால்டு கை கழுவினார். மோஸ்லியைத்தான் கை கழுவினார், ஹிட்லரை இல்லை. அதே வருஷம் டிசம்பரில் ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தார். 1930-களின் கடைசி வரைக்கும் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

இதோடு நிறுத்தினால் நான் ஒருதலைப்பட்சமான ஆடிட்டர் ஆகிவிடுவேன். இன்னும் இரண்டு மூன்று வவுச்சர்கள் இருக்கின்றன.

1915 மே மாதம். முதல் உலக யுத்தம். பிரெஞ்சுக் களத்தில் பிரிட்டிஷ் படைக்கு வெடிகுண்டு ஷெல்கள் பற்றாக்குறை. யுத்த மந்திரி கிச்சனர் பிரபு. அவர் அந்தக் காலத்தில் நாட்டுக்கே தெய்வம் மாதிரி. அவர்தான் இதற்குக் காரணம் என்று ஆல்ஃபிரட் தன் பேப்பரில் பச்சையாக எழுதினார். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். லண்டன் பங்குச் சந்தையில் டெய்லி மெயில் பிரதிகளைக் கொளுத்தினார்கள். சர்க்குலேஷன் சரிந்தது. ஆனால் பற்றாக்குறை நிஜம். தளவாட உற்பத்திக்கென்றே தனி அமைச்சகம் வந்தது. விற்பனை அடிபடும் என்று தெரிந்தும் நிஜத்தை எழுதிய நாள் அது.

ஹெரால்டுக்கு 3 மகன்கள். 2 பேரை அந்த யுத்தம் எடுத்துக்கொண்டது. ஒருவர் 1916-ல் களத்திலேயே இறந்தார். இன்னொருவர் காயம்பட்டு 1918-ல் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மகன் பெயரிலும் கேம்பிரிட்ஜில் இன்னொரு மகன் பெயரிலும் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார் அந்த அப்பா. இன்னொரு யுத்தம் வந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஹிட்லர் வாசலில் போய் நின்றார் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அதே ஹெரால்டு, பிரிட்டனுக்கு விமானப் பலம் போதாது என்றும் கத்திக்கொண்டிருந்தார். 1934-ல் சொந்தக் காசைப் போட்டு பிரிஸ்டல் கம்பெனியிடம் வேகமான விமானம் ஒன்றைச் செய்யச் சொன்னார். அது அன்றைய போர் விமானங்களை எல்லாம் வேகத்தில் தோற்கடித்தது. நாட்டுக்கே அதைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஹிட்லரின் படைக்கு எதிராகப் பறந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம்.

தலை சுற்றுகிறதா? ஒரே ஆள். ஒரே வருஷம். ஒரு கையில் பாசிஸ்ட் கட்சிக்கு விலாசம் கொடுக்கிற பேனா, இன்னொரு கையில் பாசிசத்தை எதிர்க்கப்போகிற விமானத்துக்குச் செக்.

உடனே நமக்கு வருகிற ஆசை என்ன? கூட்டிக் கழித்து நல்லவரா, கெட்டவரா என்று ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். இங்கேதான் காமர்ஸ் படித்தவன் கையைத் தூக்குகிறேன். பேலன்ஸ் ஷீட்டில் சொத்தையும் பொறுப்பையும் உங்கள் இஷ்டத்துக்கு ஒன்றோடொன்று கழித்துக்கொள்ளக் கூடாது. பாங்கில் 10 லட்சம் இருக்கிறது, ஊரில் 10 லட்சம் கடன் இருக்கிறது என்றால், ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். கொடுக்க வேண்டிய ஆள் வேறு, கொடுத்த ஆள் வேறு. விமானம் கொடுத்தார் என்பதற்காக, கறுப்புச் சட்டைக்காரன் கையால் அடிபட்ட கிழக்கு லண்டன் யூதருக்கு வலி குறையவில்லை. அந்தக் கட்டுரையால் அந்த விமானமும் பொய்யாகிவிடவில்லை.

சரி, இது அவர் கணக்கு. கொள்ளுப் பேரன் கணக்கு எது?

சட்டம் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. பழைய இந்துச் சட்டத்தில் ஒரு சங்கதி உண்டு. அப்பா வாங்கிய கடனை அடைப்பது மகனின் தர்மக் கடமை. அப்பா ஒரு பைசா வைத்துவிட்டுப் போகாவிட்டால்கூட, தர்மப்படி மகன் தலையில்தான். அதிலும் சூதாட்டம், குடி மாதிரி காரியத்துக்கு வாங்கிய கடன் மகனைச் சேராது என்று விலக்கு வைத்திருந்தார்கள். 2005-ல் வந்த வாரிசு உரிமைத் திருத்தச் சட்டம், அதற்கப்புறம் வாங்குகிற கடன்களுக்கு இந்த ‘தர்மக் கடமை’யை எடுத்துவிட்டது. மகன் என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்ட் அவன் கழுத்தைப் பிடிக்காது. ஆனால் அப்பாவின் சொத்து கைக்கு வந்திருந்தால், அந்த அளவுக்கு அப்பாவின் கடனுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரத்தத்துக்குக் கடன் இல்லை. சொத்துக்கு உண்டு. என் பார்வையில் நியாயமும் இதுதான்.

இதை 2013 தகராறில் பொருத்திப் பாருங்கள். ரால்ஃப் மிலிபாண்ட் தன் மகனுக்குப் பேப்பர் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. பட்டம் இல்லை, அச்சகம் இல்லை, அவர் பெயரைச் சொல்லி மாதாமாதம் சந்தா கட்டுகிற வாசகர் கூட்டம் இல்லை. மகன் கட்சியில் ஜெயித்தது மகனுடைய சாமர்த்தியம். அப்பாவின் பல கருத்துகளை மகன் ஏற்கவும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், உன் அப்பா 17 வயதில் எழுதியதற்குக் கணக்குச் சொல் என்றால் அது ரத்தத்தின் மேல் போடுகிற வரி.

ஜோனதன் ஹார்ம்ஸ்வொர்த் விஷயம் வேறு. அவரும் அந்தக் கட்டுரையை எழுதவில்லை. அவரைப் பார்த்து பாசிஸ்ட் என்று கத்தியவர்கள் செய்தது அநியாயம். அதுவும் அதே ரத்த வரிதான். ஆனால் அவர் கைக்கு வந்தது ரத்தம் மட்டும் இல்லை. கட்டுரை எந்தப் பேப்பரில் வந்ததோ அந்தப் பேப்பரே வந்திருக்கிறது. எந்தப் பட்டத்தின் பெயரில் அது எழுதப்பட்டதோ அந்தப் பட்டமே வந்திருக்கிறது. பழி அவருடையது இல்லை, பொறுப்பு அவரிடம் இருக்கிறது. பழி செய்தவனோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். பொறுப்பு சொத்தோடு கூடவே வரும்.

‘என்ன சார் இது, எண்பது வருஷத்துக்கு முந்தின கதையைக் கிளறிக்கிட்டு? அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க!’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லாரும் அப்படி நினைக்கவில்லையே! அதே இங்கிலாந்தில் ‘மான்செஸ்டர் கார்டியன்’ என்று ஒரு பேப்பர். ஜெர்மனியில் நடந்த அக்கிரமங்களை எழுதியதற்காக 1933-லேயே நாஜி அரசு அந்தப் பேப்பருக்குத் தடை போட்டது. அதே காலம்தான். அதே தந்திச் செய்திகள்தான். ஒருவர் அப்படிப் படித்தார், இன்னொருவர் இப்படிப் படித்தார். காலத்தின் மேல் பழி போட்டால், அந்தக் காலத்தில் சரியாக எழுதியவருக்கு என்ன மரியாதை?

இன்னொருவர் கேட்பார். ‘சரி, பொறுப்பு வந்துடுச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க? தெருவுல விழுந்து கும்பிடணுமா?’

வேண்டாம். ஆடிட்டிங்கில் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று ஒன்று உண்டு. இன்னும் நிச்சயமாகாத பொறுப்பு. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, தோற்றால் கொடுக்க வேண்டி வரும் என்பது மாதிரி. அதைக் கடனாக எழுத மாட்டார்கள். ஆனால் பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே குறிப்பாகப் போட வேண்டும். ஷேர் வாங்க வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பழைய பெயரோடு பிழைக்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த அளவுதான். குறிப்பை மறைக்காதே. கேட்டால் எடுத்துக் காட்டு. முடிந்தால் கேட்பதற்கு முன்னாலேயே.

அந்த கார்டியன் பேப்பரே இதைச் செய்து காட்டியது. 1821-ல் அதை ஆரம்பித்தவர் ஜான் எட்வர்ட் டெய்லர் என்ற பருத்தி வியாபாரி. பருத்தி என்றால் அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் பறித்த பருத்தி. கார்டியனை நடத்தும் ஸ்காட் டிரஸ்ட் தானாகவே ஆராய்ச்சியாளர்களை அமர்த்திப் பழைய கணக்கை நோண்டியது. டெய்லருக்கும், அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அடிமை வியாபாரத்தோடு தொடர்பு இருந்தது என்று தெரிந்தது. 2023 மார்ச்சில் அதைத் தன் பக்கத்திலேயே வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. அடுத்த பத்து வருஷத்தில் 1 கோடி பவுண்டுக்கு மேல் நிவாரண வேலைகளுக்குச் செலவழிப்பதாகவும் அறிவித்தது. நாஜிகளை எதிர்த்த அதே பேப்பர். ‘நாங்கள்தான் 1933-லேயே நிரூபித்துவிட்டோமே’ என்று அந்த நல்ல காரியத்தைக் காட்டி இதைக் கழித்துக்கொள்ளவில்லை. அதனால் பேப்பர் ஒன்றும் இழுத்து மூடப்படவில்லை. இருநூறு வருஷத்துக் கணக்கைத் திறந்து வைத்த பேப்பர் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பெயரிலேயே எல்லாம் இருக்கிறது, ரத்தத்தில் ஊறியது போகாது என்று நினைப்பவர்களுக்கு, இதே குடும்பத்தில் இரண்டு பேரைக் காட்டுகிறேன்.

ஒருவர் செயின்ட் ஜான் ஹார்ம்ஸ்வொர்த். ஆல்ஃபிரடுக்கும் ஹெரால்டுக்கும் தம்பி. பேப்பரில் தனக்கு இருந்த பங்கை விற்றுவிட்டு பிரான்ஸில் ஒரு நீரூற்றை வாங்கினார். 1906-ல் கார் விபத்தில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. கைக்குப் பலம் வருவதற்காகக் கர்லாக்கட்டை சுற்றுவாராம். நம் ஊர்க் கர்லாக்கட்டைதான், அங்கே அதற்கு ‘இந்தியன் கிளப்’ என்று பெயர். தன் தண்ணீர் பாட்டிலுக்கு அதே வடிவத்தைக் கொடுத்தார். பச்சைக் கண்ணாடி, குண்டு வயிறு. அதுதான் பெரியே தண்ணீர். பெரியே என்பது யார் பெயர்? அந்த ஊற்றை அவருக்கு விற்ற டாக்டரின் பெயர். அண்ணன்மார் பெயருக்காக அலைந்த வீட்டில் ஒரு தம்பி, உலகம் முழுக்கப் போன சரக்குக்கு அடுத்தவர் பெயரை வைத்துவிட்டுப் போனார்.

இன்னொருவர் அந்த அண்ணன்மாருக்கு அக்கா தங்கை வழி மருமகன், செசில் ஹார்ம்ஸ்வொர்த் கிங். நடுப்பெயரைக் கவனித்தீர்களா? மாமா ஆரம்பித்த டெய்லி மிரர் பேப்பரும் 1934 ஜனவரியில், மெயிலுக்கு ஒரு வாரம் கழித்து, கறுப்புச் சட்டைக்காரர்களுக்குக் கை கொடுக்கச் சொல்லி ஹெரால்டு எழுதியதைப் போட்டது. பிறகு அதே மிரர் தொழிலாளிகளின் பேப்பராக, லேபர் கட்சிக்கு ஆதரவான பேப்பராக மாறியது. மாற்றியவர்களில் முக்கியமானவர் இந்த மருமகன். மாமாவின் பெயரை நடுவில் வைத்துக்கொண்டே மாமாவின் பாதையை மாற்றிக் காட்டினார். பின்னால் 1968-ல், பிரதமர் வில்சன் போக வேண்டும் என்று தன் பேப்பரிலேயே எழுதித் தன் பதவியையும் இழந்தார் என்பது தனிக் கதை.

ஆக, பெயர் யாரையும் எதையும் செய்ய வைப்பதில்லை. அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது அந்தந்த ஆளுடையது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ‘எங்க தாத்தா அந்தக் காலத்துல...’ என்று நாம் ஆரம்பிக்கும்போது, வாக்கியத்தின் அடுத்த பாதி பெரும்பாலும் பெருமையாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் கட்டினார், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார். அதையெல்லாம் நாம் செய்யவில்லை. இருந்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும். ஆனால் அதே தாத்தா யாரையோ வாசலில் நிற்க வைத்துப் பேசினார் என்று ஒருவர் சொன்னால், ‘அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?’ என்கிறோம். பெருமைக்கு வாரிசு, சிறுமைக்கு மட்டும் மூன்றாம் மனிதர். இந்தக் கணக்கு டேலி ஆகாது. ஒன்று, இரண்டையும் விடுங்கள். இல்லை, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் அப்பாவின் டைரியைத் திறக்கிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தன் வீட்டுப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். மிலிபாண்டைப் பற்றி எழுதும்போது மெயிலுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். எந்த நாஜிகளிடமிருந்து அந்த 16 வயசுப் பையன் ஓடி வந்தானோ, அந்த நாஜிகளின் தலைவனுக்கு ஒரு காலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவரின் பேப்பர் அது. வேறு எந்தப் பேப்பர் அந்தக் கட்டுரையைப் போட்டிருந்தாலும் அது வெறும் அரசியல் கட்டுரை. இவர்கள் போட்டதால்தான் பழைய பாக்கி கண்முன்னே வந்து நின்றது. கொள்ளுத் தாத்தா செய்ததற்கு இன்றைய ஆட்கள் குற்றவாளிகள் இல்லை. ஆனால் யாரைப் பற்றி எழுதும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒரு பூங்கா இருக்கிறது. முன்பு அங்கே பெத்லெம் மனநோய் மருத்துவமனை இருந்தது. மருத்துவமனை வேறு இடத்துக்குப் போனபோது, ஹெரால்டு ஹார்ம்ஸ்வொர்த் அந்த இடத்தை வாங்கிப் பொதுமக்களுக்குப் பூங்காவாகக் கொடுத்தார். நெரிசலான அந்தப் பகுதியில் கஷ்டப்படுகிற தாய்மார்களும் பிள்ளைகளும் காற்று வாங்கட்டும் என்று. பெற்ற தாயின் பெயரை வைத்தார், ஜெரால்டின் மேரி ஹார்ம்ஸ்வொர்த் பூங்கா. அது திறக்கப்பட்ட வருஷம் 1934. ஆம், அதே 1934. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 1936 முதல் யுத்த அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தமும் ஹிட்லர் செய்த யூதப் படுகொலையும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன.

ஒரே வளாகத்தில் இரண்டும். வெளியே அம்மா பெயரில் மரநிழல், உள்ளே அந்தக் காலத்தின் ரத்தம். யாரும் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்கவில்லை. அந்தப் பெயர்ப் பலகையைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நிழலில் குழந்தைகள் விளையாடுகின்றன, அதுவும் நிஜமான சொத்துதான். பெயரை வைத்திருப்பவர்கள் கணக்கையும் வைத்திருந்தால் போதும். இரண்டு பக்கமும் எழுதிய கணக்கு.